மண்வெட்டி தொடாத வெள்ளிக்கிழமை

1

இந்தக் கதை ஒரு பிள்ளை கேட்ட கேள்வியிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு எங்காவது நான் நன்றாக எழுதியிருப்பதாக உங்களுக்குப் பட்டால், அது எனக்குச் சேராது என்பது தெரிந்திருக்கும்.

1994ஆம் ஆண்டு, பங்குனி மாதம். கிளிநொச்சிக்கு அப்பால், இரணைமடுத் தண்ணீர் பாயும் வாய்க்கால் ஒன்றின் கடைக்கோடியில் இருந்த சிறு பாடசாலை. நான் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொண்டிருந்தேன். 1844இல் இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது என்று ஒரு வரி. ஒரே ஒரு வரிதான். அதைக் கரும்பலகையில் எழுதிவிட்டுக் கையிலிருந்த சோக்குத் தூளைத் தட்டும்போது, இரண்டாம் வாங்கிலில் இருந்த அனோஜா கேட்டாள்.

"ரீச்சர், அந்த லீவு எத்தினையாம் திகதி?"

எந்த லீவு என்றேன்.

"அடிமையளை விட்ட நாள் லீவு."

சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கியது. அந்த வருடம் புதியது எங்கள் பக்கம் வந்து சேரவில்லை. போன வருடத்தினதையே கழற்றாமல் வைத்திருந்தோம். பௌர்ணமிகளும் தைப்பொங்கலும் நத்தாரும் ஹஜ்ஜுப் பெருநாளும் அதில் சிவப்பு எழுத்தில் இருந்தன. அனோஜா அதைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டாள். லீவு இருக்கிறதா என்று அவள் கேட்கவில்லை. இருக்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. திகதி மட்டும்தான் தெரியவில்லை.

அப்படி ஒரு லீவு இல்லை என்று சொன்னேன்.

திரும்பவும் நாட்காட்டியைப் பார்த்தாள். "அப்ப அண்டைக்கும் அவையள் வேலைக்குப் போனவையோ?"

மணி அடித்தது.

[மணி அடிக்கவில்லை. பாடம் முடிய இன்னும் நேரம் இருந்தது. பதில் தெரியாத இடத்தில் கதை எழுதுகிறவர்கள் மணி அடித்துவிடுவார்கள்.]

2

இதற்கு முன் இரண்டு தொடக்கங்கள் எழுதினேன்.

முதலாவது: "இரணைமடுக் குளத்தின் மேல் காலை வெயில் பொன்னை உருக்கி"

அடித்துவிட்டேன். குளம் அழகானதுதான். ஆனால் அதன் அழகால் இந்தக் கதையில் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. தண்ணீரால்தான் இருந்தது.

இரண்டாவது: "ராக்காயி ஓர் அடிமை."

இதை அடிக்கச் சொன்னவள் ராக்காயியேதான். அவள் அனோஜாவின் தாய். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலைநாட்டுத் தோட்டமொன்றை விட்டுப் பெற்றோருடன் வன்னிக்கு வந்தவள். எங்கள் வாய்க்காலில் வயல் வேலைக்குப் போகும் பெண்கள் அவளைத்தான் முன்னுக்கு நிறுத்துவார்கள். இதை எழுதுகிற 2001இல் அவள் இருப்பது மல்லாவிப் பக்கத்துக் கொட்டில் ஒன்றில். இடம்பெயர்ந்து வந்த நானும் அங்கேதான் படிப்பிக்கிறேன். எழுதியதைக் கொண்டுபோய் அவளுக்கு வாசித்தேன்.

"அடிமைன்னு எழுதாதீங்க டீச்சரம்மா. எங்கள யாரு வாங்கினா, யாரு வித்தா? கூப்பிட்டா போவோம். அவ்வளவுதான்."

"கூப்பிட்டாப் போகாமல் இருக்கேலுமோ?"

"அது எப்படிங்க முடியும்?"

"அப்ப அதுக்கு என்ன பேர்?"

"பேரு வைக்கத்தானே நீங்க படிச்சிருக்கீங்க," என்றாள். கோபமில்லை என்று காட்டுவதற்காகத் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தாள். சீனி இல்லை, உள்ளங்கையில் ஒரு துண்டுப் பனங்கட்டி வைத்தாள்.

ஆகவே மூன்றாவது தொடக்கம்.

3

கூப்பிடுதல் என்றால் என்னவென்று சொல்லாமல் மேலே போக முடியாது.

ராக்காயி போன்றவர்களின் குடிசைகள் வயலோரங்களில் இருந்தன. குடிசை அவர்களுடையது; நிலம் வயலின் சொந்தக்காரரான கமக்காரருடையது. விடிந்ததும் கமக்காரர் வரம்பில் வந்து நின்று ஒரு தடவை பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். "ராக்காயீ." இரண்டாம் தடவை கூப்பிட வேண்டியிருக்காது. "வாரோங்க" என்று உள்ளேயிருந்து குரல் வரும். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தால் விறகை இழுத்து வைத்துவிட்டு வருவார்கள்.

கூலி கொடுத்தார்கள். நான் நியாயமாக எழுத வேண்டும். கூலியைக் குறைத்ததாக நான் அறியவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரை தேடித் தந்தவர்களும் உண்டு. ஆனால் "இண்டைக்கு ஏலாது" என்று எந்தக் குடிசையிலிருந்தும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. சொல்லிப் பார்த்தவர்கள் இல்லை.

* ஒரு குறிப்பு. 1844இல் சட்டம் விடுவித்த அடிமைகள் வேறு ஆட்கள். அனோஜாவின் முன்னோர் ஏறக்குறைய அதே காலத்தில்தான் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுப் பாதையால் மலைக்கு நடந்தார்கள். ஒரு பெயர் சட்டத்திலிருந்து எடுக்கப்பட்ட காலத்தில் இன்னொரு பெயரில் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். இரண்டும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. பாடத்தில் எத்தனையோ வரிகள் இருக்க, அந்தப் பிள்ளை இந்த வரியை ஏன் பிடித்துக்கொண்டது என்றுதான் யோசிக்கிறேன்.

4

சிறுபோகத்துக்கு, அதாவது கோடை நெல்லுக்கு, தண்ணீர் திறக்குமுன் கமக்காரரும் அதிகாரிகளும் கூடுவார்கள். பயிர்ச்செய்கைக் கூட்டம் என்று பெயர். எப்போது தண்ணீர் திறப்பது, விதைப்புக்கு எது கடைசி நாள், மாடுகளை எப்போது வயல்வெளியிலிருந்து அப்புறப்படுத்துவது எல்லாம் அங்கே தீர்மானமாகும். தீர்மானித்து எழுதிவிட்டால் அந்தப் போகம் முடியும்வரை அதுதான் சட்டம். மீறியவருக்குத் தண்டமும் உண்டு. எங்கள் வாய்க்காலுக்கான கூட்டம் எங்கள் பாடசாலையில் நடந்ததால் நானும் ஒரு மூலையில் இருந்தேன்.

கூலி வேலைக்காரர் அந்தக் கூட்டத்துக்கு வருவதில்லை. அந்த முறை ராக்காயி வந்தாள். கொழும்புக்குப் போய்விட்ட ஒருவரின் அரை ஏக்கர் வயலை, வாய்க்காலின் வால்மாட்டில், தண்ணீர் கடைசியாக வந்துசேரும் முனையில், முதல் தடவையாகக் குத்தகைக்கு எடுத்திருந்தாள். குத்தகை நெல்லைச் சரியாக அளந்துவிட்டால், வயலோடு சேர்ந்த மேட்டுத் துண்டில் குடிசை போட்டுக்கொள்ளலாம் என்பது பேச்சு. அவளுக்கு அந்த அரை ஏக்கரின் பொருள் அதுதான்: தன் குடிசை இன்னொருவர் கூப்பிடு தூரத்தில் இல்லாமல் போவது.

வாங்கில்கள் காலியாக இருந்தும் அவள் வாசலடியில் நிலத்தில்தான் இருந்தாள். எல்லாம் எழுதி முடித்து, வேறு விஷயம் இருக்கிறதா என்று அதிகாரி கேட்டபோது எழுந்தாள்.

"ஐயா, வருஷத்துல ஒரு நாளு எங்கள யாரும் வேலைக்குக் கூப்பிடக்கூடாது. அத இதுல எழுதணும்."

"என்ன நாள், அம்மா?"

"அடிமைங்கள விட்ட நாளு. எங்க பிள்ளைக்கு டீச்சரம்மா சொல்லிக் குடுத்தாங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"திகதி என்ன, ரீச்சர்?" என்றார் அதிகாரி.

வருடம் மட்டும்தான் தெரியும் என்று சொன்னேன்.

வாய்க்காலின் தலைமாட்டில் பத்து ஏக்கர் செய்யும் நல்லதம்பியர் கதிரையைத் திருப்பிப் போட்டு இருந்தார். ராக்காயியின் குடிசை அவருடைய காணியில்தான் இருந்தது. "திகதியில்லாத திருநாள்," என்றார். "அப்பிடியே நெல்லுக்கும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ, அண்டைக்கு வளர வேண்டாமெண்டு."

முன்னுக்கு இருந்த கமக்காரர் சிரித்தார்கள். சிரிப்பு முடியும்வரை ராக்காயி நின்றாள்.

"நெல்லு வளரட்டும் ஐயா. அத யாரும் வரப்புல நின்னு கூப்பிட்டு வளக்கலியே."

இப்போது சிரித்தவர்கள் வேறு ஆட்கள்.

அதிகாரிக்கு வீட்டுக்குப் போக வேண்டும். எந்த நாள் என்று கேட்டார். வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்கு அடுத்து வருகிற வெள்ளிக்கிழமை என்றாள். அந்தப் பொங்கல் வைகாசியில் ஒரு திங்கட்கிழமையில் வரும். போய் நடையில் திரும்பியவர்கள் களைத்திருப்பார்கள். அந்தக் கிழமை வேலை எப்படியும் மந்தமாகத்தான் இருக்கும். அதையெல்லாம் யோசித்துத்தான் வந்திருந்தாள். தண்ணீரைத் திறந்து பங்கிடும் வட்டவிதானை ஐயாத்துரை, "ஒரு நாள்தானே, போடுங்கோ," என்றார்.

"ஒரு கேள்வி," என்றார் நல்லதம்பியர். "சொந்த வயலுக்கும் சேர்த்தோ?"

"எல்லாத்துக்குந்தான். சொந்த வயலுன்னு விட்டா, இது என்ர சொந்த வேலைதான், நீயும் எங்கட வீட்டாள் மாதிரித்தானே, வான்னு கூப்பிடுவீங்க. அன்னைக்கு யாரும் எந்த வயல்லயும் மண்வெட்டி தொடக்கூடாது."

"சட்டமெண்டால் தண்டமும் வேணும். மீறினவைக்கு அடுத்த முறைத் தண்ணி இல்லை எண்டும் எழுதுங்கோ," என்றார் நல்லதம்பியர்.

"எழுதுங்க," என்றாள் ராக்காயி.

கைகள் உயர்ந்தன. எழுதப்பட்டது.

அவள் செய்த தவறு இந்த இடத்தில் நடந்துவிட்டது. வேறு யாரும் இப்படியொரு தவறைச் செய்திருக்க மாட்டார்கள். கமக்காரர் ஒவ்வொருவரும் கை உயர்த்துமுன் தன் வயலை ஒருதரம் நினைத்துப் பார்த்திருப்பார். ராக்காயி பதினேழு வருடமாகக் கூப்பிடப்பட்டவள். கூப்பிடுகிறவர்கள் தப்பிப் போகக்கூடிய வழிகளை எல்லாம் ஒவ்வொன்றாக அடைத்தாள். தனக்கும் ஒரு வயல் இருக்கிறது என்பது மட்டும் அவள் நினைவுக்கு வரவில்லை.

5

நல்லதம்பியரை எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அந்த மனிதரையல்ல, என் தாளில் இருப்பவரை.

முதல் பிரதியில் அவருக்குத் தடித்த மீசை வைத்தேன். உண்மையில் மீசையே இல்லை. மெலிந்த உடம்பு, ஒரு பக்கக் காலை நூலால் கட்டிய மூக்குக்கண்ணாடி. கோவிலில் தேவாரம் பாடுவார். ராகம் பிசகும், கண்ணீர் பிசகாது. அதே வாய்தான் விடியற்காலையில் வரம்பில் நின்று "ராக்காயீ" என்று கூப்பிட்டது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைக்கப் பார்த்தேன். "நல்லவர், ஆனால்" என்று தொடங்கினேன். "கடுமையானவர், ஆனாலும்" என்று தொடங்கினேன். இரண்டும் அந்தந்த இடத்திலேயே நிற்கின்றன.

எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். அதற்கு இரண்டு வருடம் முந்தி அவருடைய மனைவி வடிவம்மா மலேரியாக் காய்ச்சலில் இறந்துபோனார். சவம் எடுக்கும் நாளில்தான் அவருடைய வயலுக்குத் தண்ணீர் முறை. ஊர் முழுக்கச் செத்தவீட்டில் நின்றது. மறுநாள் அவர் போய்ப் பார்த்தபோது பத்து ஏக்கரும் நனைந்திருந்தது. ராக்காயி தன்பாட்டில் மண்வெட்டியுடன் போய் அந்தப் பகல் முழுதும் தண்ணீர் கட்டியிருக்கிறாள்.

இதை அவரே அந்த நாட்களில் கோவில் வீதியில் வைத்து எனக்குச் சொன்னார்.

"கூலி கொண்டு போனன் ரீச்சர். வாங்கேல்லை. செத்தவீட்டு நாளுக்குக் கூலி வாங்கிறேல்லையாம். அப்ப அந்த நாளை நான் என்ன செய்யிறது?"

எங்கள் பக்கத்தில் கைமாற்று என்று ஒரு வழக்கம். இன்றைக்கு என் வயலில் நீங்கள் ஒரு நாள் நின்றால், இன்னொரு நாள் உங்கள் வயலில் நான் நிற்பேன். அது கமக்காரருக்கும் கமக்காரருக்கும் இடையில் உள்ள முறை. கூலி வாங்குகிறவருக்கு யாரும் ஒரு நாளைத் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. கூலியோடு அது தீர்ந்துவிடும். ராக்காயி கூலியை வாங்கவில்லை. அதனால் அந்த நாள் தீரவில்லை. யோசித்துச் செய்தாளா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வேண்டாமென்ற சொல்லோடு அவள் நல்லதம்பியரைத் தனக்குக் கைமாற்று ஆளாக்கிவிட்டாள்.

"அவளுக்கு நான் ஒரு நாள் நிக்கவேணும்," என்றார். "எங்கட ஆக்களில ஆரும் கேள்விப்படாத கதை. அவளுக்கு நிண்டு குடுக்க ஒரு வயலும் இல்லை."

"ஆண்டவன் ஒரு வழி விடுவார்," என்றேன்.

"விடாட்டிலும் நல்லதுதான், ரீச்சர்."

6

மழை பொய்த்தது. குளத்தில் நீர்மட்டம் இறங்கவும் வைகாசியில் முறைத்தண்ணீர் வந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் கிழமையில் ஒரு நாள். தலைமாட்டுக்குத் திங்கள், படிப்படியாக இறங்கி, வால்மாட்டுக்கு வெள்ளி.

முதல் இரண்டு முறையும் வால்மாட்டுக்கு வந்து சேர்ந்தது ஈரம் மட்டும்தான். ராக்காயியின் பயிர் குடலைப் பருவத்தில், கதிரை வயிற்றில் வைத்துக்கொண்டு நின்றது. நிலம் வெடிக்கத் தொடங்கியிருந்தது. வருகிற வெள்ளியைத் தவறவிட்டால் வருவதெல்லாம் பதர்தான். நெல் இல்லையென்றால் குத்தகை இல்லை. குத்தகை இல்லையென்றால் மேட்டுத் துண்டும் இல்லை.

வருகிற வெள்ளி எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வற்றாப்பளைக்குப் போய்த் திரும்பிய புதன்கிழமை, ஐயாத்துரை சைக்கிளை உருட்டிக்கொண்டு அவளுடைய வரம்புக்கு வந்தார். நானும் அங்கே நின்றேன். அனோஜா அந்தக் கிழமை பள்ளிக்கு வரவில்லை என்று விசாரிக்கப் போயிருந்தேன்.

"பிள்ளை, வாய்க்கால்ல தண்ணி வெள்ளிக்கிழமையும் வரும். உங்கட சட்டத்துக்காகக் குளத்தைப் பூட்டமாட்டினம். உன்ர வக்கடையில மூண்டு வெட்டு வெட்டினாச் சரி, பாயும். வெட்டாட்டிக் கடந்து போய்க் காட்டுக்குள்ள விழும்."

வக்கடை என்பது வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் விட வரம்பில் வெட்டும் வழி. மண்ணை வெட்டினால் திறக்கும்; மண்ணைப் போட்டால் மூடும்.

"அன்னைக்கு மண்வெட்டி தொடக்கூடாதே."

"மண்வெட்டி எண்டுதானே எழுதிக் கிடக்கு. கையாலை கிள்ளிவிடு."

"நான் கையால மண்ணத் தோண்டினா, அடுத்த வருஷம் அவங்க கையாலதானே களை புடுங்கிறதுன்னு கூப்பிடுவாங்க. களை எப்பவும் கையாலதான் புடுங்கிறோம்."

ஐயாத்துரை தலையைச் சொறிந்தார். "அப்ப நான் வெட்டட்டோ எண்டால், நாளைக்கு எல்லாரும் என்னட்ட வருவினம்."

"நீங்க வெட்டவேணாம்."

"உன்ர புருஷன்?"

"அவரு மாங்குளம் காட்டுல விறகு வெட்டுறாரு. சனிக்கிழமதான் வருவாரு. இருந்தாலும் சட்டம் அவருக்கில்லையா?"

"கூட்டத்தைக் கூட்டி நாளை மாத்தச் சொல்லன்."

ராக்காயி பயிரைப் பார்த்தாள். ஒரு தாளை மெல்லப் பிரித்து, உள்ளே இருந்த பிஞ்சுக் கதிரைப் பார்த்துவிட்டுத் திரும்ப மூடினாள். "முதல் வருஷமே மாத்தினா, மறு வருஷம் அது இருக்குமாங்க?"

[இந்த இடத்தில் நான் அவளுக்கு ஏதோ ஆறுதல் சொன்னதாக ஒரு பிரதியில் இருக்கிறது. சொல்லவில்லை. அனோஜாவைத் திங்கட்கிழமை பள்ளிக்கு அனுப்பும்படி சொல்லிவிட்டு வந்தேன்.]

அன்று பின்னேரம் சந்தித் தேத்தண்ணீர்க் கடையில் ஐயாத்துரை இதை எல்லோருக்கும் சொன்னாராம். நல்லதம்பியரும் அங்கே இருந்தாராம். "நான் கேட்டனான்தானே, சொந்த வயலுக்கும் சேர்த்தோ எண்டு," என்றாராம்.

அந்தக் கேள்வியை அவர் கூட்டத்தில் ஏன் கேட்டார்? அவளை மாட்டிவிடவா, எச்சரிக்கவா? ஏழு வருடமாக யோசிக்கிறேன். அவர் ஒரு பாத்திரமாக மட்டும் இருந்திருந்தால் நானே ஒன்றைத் தீர்மானித்திருப்பேன்.

7

வெள்ளிக்கிழமை யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

பிள்ளையார் கோவிலில் பொங்கல். குளத்துத் தாமரை இலையில் பந்தி வைத்தோம். பரிமாறியவர்கள் கமக்கார வீட்டுப் பெண்களும் நானும். இருந்து சாப்பிட்டவர்கள் ராக்காயியும் அவளோடு வேலைக்குப் போகிறவர்களும். இது யாரும் தீர்மானித்ததல்ல. நாகேஸ்வரி என்ற கமக்கார வீட்டுப் பெண் அகப்பையை எடுத்துவிட்டார். எடுத்தவர் கையிலிருந்து அதைப் பறிக்க யாருக்கும் மனம் வரவில்லை. சிறு நன்மைகள் பெரும்பாலும் இப்படி, யார் கைக்கு எது அகப்படுகிறதோ அதிலிருந்துதான் தொடங்குகின்றன என்று நான் நம்புகிறேன்.

யாரோ ஒருவர் கிணற்றடியில் விளையாடிய பிள்ளையை உரத்துக் கூப்பிட்டார். பந்தியிலிருந்த மூன்று பெண்கள் கையில் சோற்றோடு எழுந்துவிட்டார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு இருந்தார்கள். ராக்காயி எழவில்லை. அவள் சாப்பிடவும் இல்லை. வயல் இருக்கும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி இருந்தாள்.

"சாப்பிடன், ராக்காயி."

"சாப்பிடுறேன் டீச்சரம்மா. சூடா இருக்கு."

பொங்கல் ஆறி வெகுநேரமாகியிருந்தது.

நல்லதம்பியர் உச்சிப்பூசைக்கு வரவில்லை. எந்த வெள்ளியும் தவறாதவர். தேவாரம் பாட ஆளில்லாமல் ஐயர் தானே பாடினார். கடைசிப் பந்தியும் முடிகிற நேரத்தில்தான் வந்து ஒரு கரையில் இருந்தார்.

"வெயில், ரீச்சர்," என்றார், நான் ஒன்றும் கேட்காமலே.

நான் இலையைப் போட்டேன். நான்காவது பிரதியில் இந்த இடத்தில், "அவருடைய கால்களில்" என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கியிருக்கிறேன். அதை அங்கேயே நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. நான் அவருடைய கால்களைப் பார்க்கவில்லை. இலையைத்தான் பார்த்தேன். அதில் ஒரு சிறு கிழிசல் இருந்தது. வேறு இலை மாற்றிப் போட்டேன்.

8

சனிக்கிழமை காலை ராக்காயியின் வயலில் தண்ணீர் நின்றது. அரை ஏக்கரும் நிறைந்து, வக்கடை திரும்ப மண் வைத்து மூடப்பட்டிருந்தது.

முடிவுகள் பல இருந்தன. ஊரே எழுதிக் கொடுத்தது.

(அ) நண்டு வளை. இது ஐயாத்துரையின் முடிவு. வரம்பில் நண்டு துளைத்த வழியால் தண்ணீர் பாய்ந்ததாம். அடுத்த கூட்டத்தில் அதிகாரியிடமும் அப்படித்தான் சொன்னார். நண்டு வக்கடையைத் திரும்ப மூடியுமிருக்கிறதே என்று பின்வாங்கிலிலிருந்து ஒருவர் கேட்டார். "நல்ல வளர்ப்பு நண்டு," என்றார் ஐயாத்துரை. அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது. தண்டம் யாருக்கும் விழவில்லை.

(ஆ) கண்ணகை அம்மன். இது பந்தியில் இருந்த பெண்களின் முடிவு. கடல் நீரில் விளக்கெரிய வைக்கிற தாய்க்கு வாய்க்கால் நீரை வயலுக்குத் திருப்புவது ஒரு பாடா என்று கேட்டார்கள். நான் அம்மனைக் கும்பிடுகிறவள். இந்த முடிவை நான் மறுக்கவில்லை. அம்மனுக்குக் கைகள் வேண்டியிருந்தால் யாருடைய கைகளை எடுத்துக்கொள்வாள் என்பது அவளுடைய விஷயம்.

(இ) ஒரு மனிதர். சட்டத்தை மீறினால் தன் பத்து ஏக்கருக்கு அடுத்த முறைத் தண்ணீர் இல்லை என்று தெரிந்தவர். அந்தத் தண்டத்தைத் தானே எழுதச் சொன்னவர். அந்த அரை ஏக்கர் விளைந்தால், தான் கூப்பிட்டதும் வருகிற ஒரு குரல் தன் வயலோரத்திலிருந்து போய்விடும் என்றும் தெரிந்தவர். அப்படியிருந்தும்

இந்த முடிவை நான் எழுதிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. அதுதான் சிக்கல். அதில் ஒருவர் வரம்பில் நிற்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன், நீங்களும் பார்க்கிறீர்கள். யாரும் பார்க்கக்கூடாது என்று நடந்த ஒன்றுக்கு எத்தனை சாட்சிகள்.

9

ராக்காயிக்கு மூன்றையும் வாசித்தேன்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "அந்த நண்டு ரொம்ப நல்லா இருக்கு."

"ஆரெண்டு உனக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"நினைச்சுப் பார்க்கேல்லையோ?"

"ஒருத்தரு தெரியக்கூடாதுன்னு செஞ்சத நான் எதுக்கு டீச்சரம்மா தெரிஞ்சுக்கணும்? தெரிஞ்சா நன்றி சொல்லணும். நன்றி சொன்னா அவரு திரும்ப எனக்கு ஐயா ஆயிடுவாரு."

"அவரு" என்று சொன்னதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. நானும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அந்த ஆவணியில் குத்தகை நெல் அளந்தாயிற்று. குடிசை மேட்டுத் துண்டுக்கு மாறியது. அதற்குப் பிறகு நல்லதம்பியருக்கு ஆள் தேவைப்பட்டால், முதல் நாள் பின்னேரம் சைக்கிளில் வருவாராம். படலைக்கு வெளியில் நின்று, "நாளைக்கு வரேலுமோ?" என்று கேட்பாராம். முதல் தடவை அவர் கேட்டபோது, ஏலும் என்று சொல்லவே நினைத்திருந்தாளாம். ஆனால் அந்தக் கேள்வி எப்படி இருக்கிறதென்று பார்ப்பதற்காக, "நாளைக்கு முடியாதுங்க," என்றாளாம்.

"அதுக்கு அவர் என்ன சொன்னவர்?"

"சரின்னுட்டுப் போயிட்டாரு." சிரித்தாள். "எனக்குத்தான் அன்னைக்கு முழுக்க என்ன செய்யிறதுன்னு தெரியல."

அந்த வெள்ளிக்கிழமை மூன்று வருடம் நடந்தது. தொண்ணூற்றாறில் சண்டை வந்து எல்லோரும் எழும்பி ஓடினோம்; வாய்க்காலும் கூட்டமும் பின்னால் நின்றுவிட்டன. நல்லதம்பியர் அக்கராயனில் மகளோடு இருப்பதாகக் கேள்வி. நாட்டின் நாட்காட்டியில் அப்படியொரு நாள் இன்றுவரை சிவப்பு எழுத்தில் வரவில்லை. ஒரு வாய்க்காலுக்கு மட்டும், மூன்று போகங்களுக்கு, அது சட்டமாக இருந்தது. அனோஜா இனி எப்போதாவது அந்தக் கேள்வியைக் கேட்டால், சொல்ல இப்போது என்னிடம் ஒரு திகதி இருக்கிறது.

10

மிச்சம் ஒன்றே ஒன்றுதான். அந்த வெள்ளியின் உச்சிப்பொழுது, வால்மாட்டில், அந்த அரை ஏக்கர் ஓரத்தில் நடந்தது. கதை என்றால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

உச்சி வெயில். வெளியில் எந்த வயலிலும் ஆளில்லை. வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. கோவிலிலிருந்து மணிச் சத்தம். வரம்பில் ஒருவர் சால்வையைத் தலையில் சுற்றிக் கட்டி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மண்வெட்டியை

இல்லை.

வாசிக்கிறவரே, நீங்களும் எழுந்து இந்தப் பக்கம் வாருங்கள். கோவிலில் கடைசிப் பந்தி நடக்கிறது. உங்களுக்கும் ஓர் இலை போட்டிருக்கிறேன், கிழிசல் இல்லாதது. ராக்காயிக்குப் பக்கத்தில், அவளைப் போலவே வயலுக்கு முதுகைக் காட்டி இருங்கள். பொங்கல் ஆறிவிட்டது; பரவாயில்லை.

ஆறுதலாகச் சாப்பிடுங்கள். அரை ஏக்கர் நனைய நேரமெடுக்கும்.